போஸ்ட்கிரெஸ் செட்டிங்குகளின் காரணத்தை எங்கே எழுதி வைப்பது?

வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க் மெம் 64 எம்பி, ரேண்டம் பேஜ் காஸ்ட் 1.1, ஜிட் ஆஃப், செக்பாயின்ட் டைம்அவுட் 15 நிமிடம். எல்லாம் நியாயமான மதிப்புகள்தான். ஆனாலும் எதையும் தொடக் கை வராது. 64 என்று வைத்தவர் எதைப் பார்த்து வைத்தார், இன்னும் அது தேவையா, 32 ஆக்கினால் யாருடைய ரிப்போர்ட் படுத்துக்கொள்ளும் என்று ஒன்றும் தெரியாது. கேட்கலாம் என்றால் அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

இந்தக் காரணங்களை எழுதி வைக்க ஐந்து இடங்கள் இருக்கின்றன: செட்டிங்குகள் இருக்கும் கான்ஃப் கோப்பிலேயே கமென்ட், ஆல்டர் சிஸ்டம் கட்டளை எழுதும் ஆட்டோ கான்ஃப் கோப்பு, டேட்டாபேஸுக்கு உள்ளேயே குறிப்பு, கிட்டில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றை வைக்கும் கருவி) இருக்கும் ஆன்சிபிள் அல்லது டெராஃபார்ம் (சர்வர்களைக் கோப்புகள் மூலம் அமைக்கும் கருவிகள்), கடைசியாக விக்கி. ஒவ்வொரு டீமும் தன் வழக்கம்தான் சரி என்று அடித்துப் பேசும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பை மாற்றப் போகிறவர் கண்ணில் படாமல் தப்பவே முடியாத இடம் எதுவோ, காரணம் அங்கேதான் இருக்க வேண்டும். பெரும்பாலான சர்வர்களுக்கு அது, கான்ஃப் கோப்போடு சேர்த்துப் படிக்கப்படும் கான்ஃப்-டி டைரக்டரியில் உள்ள சின்னக் கோப்பு. அந்தக் கோப்பு கிட்டிலும் இருக்க வேண்டும். மற்ற இடங்களுக்கும் வேலை உண்டு, ஆனால் பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

எழுதவே வேண்டாதவை

ஒப்பிடுவதற்கு முன்னால், எதை எழுத வேண்டாம் என்று தெளிவாக்கிக்கொண்டால் பாதி வேலை குறையும். மதிப்பு என்ன என்பதை எங்கும் நகலெடுத்து வைக்கத் தேவையில்லை. பிஜி செட்டிங்ஸ் என்ற வியூவில் எல்லாமே இருக்கிறது: இப்போதைய மதிப்பு, அலகு, இயல்பு மதிப்பு, அந்த பாராமீட்டர் எதற்கு என்று ஒரு வரி விளக்கம், மாற்றினால் ரீலோடு போதுமா ரீஸ்டார்ட் வேண்டுமா என்ற விவரம், அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பது வரை. கடைசி இரண்டையும் பார்க்க சூப்பர்யூசராகவோ, எல்லா செட்டிங்கையும் படிக்கும் அனுமதி உள்ளவராகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். 15-ஆம் பதிப்பிலிருந்து, போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிசீக்வெலில் பின்சாய்கோடு போட்டு டிகான்ஃபிக் என்று அடித்தால், இயல்பிலிருந்து மாறியவற்றை மட்டும் காட்டிவிடும்.

ஆகவே விக்கியில் பாராமீட்டர், மதிப்பு என்று இரண்டு பத்தி அட்டவணை போட்டு வைத்திருப்பவர்கள் வீண் வேலை செய்கிறார்கள். அது போட்ட அன்றைக்கு மட்டும்தான் சரியாக இருக்கும். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் உள்ள விளக்கத்தை வெட்டி ஒட்டி வைப்பதும் அப்படியே. ‘செக்பாயின்ட்டுகளுக்கு இடையே உள்ள அதிகபட்ச நேரம்’ என்று நாம் எழுதி யாருக்கு என்ன லாபம்? அது ஏற்கெனவே சர்வரிலேயே இருக்கிறது.

மெஷினுக்குத் தெரியாதது ஒன்றுதான்: ஏன். மருந்துச் சீட்டு மாதிரி இது. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதெல்லாம் அதில் இருக்கும்; என்ன நோய்க்கு, எதுவரைக்கும் என்பது எழுதினவருக்குத்தான் வெளிச்சம்.

‘எதுவரைக்கும்’ என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குறிப்புகளில் விடுபடுவது அதுதான். செக்பாயின்ட் கம்ப்ளீஷன் டார்கெட் 0.9 என்று பழைய கோப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். இயல்பு மதிப்பு 0.5 ஆக இருந்த காலத்தில் அது நல்ல யோசனை. 14-ஆம் பதிப்பில் இயல்பே 0.9 ஆகிவிட்டது, இப்போது அந்த வரி வெறும் பாரம். அழிந்த, மாறிய வரிகளின் மிச்சத்தைத் தானாகத் துடைக்கும் ஆட்டோவேக்யூமின் காஸ்ட் டிலே 2 மில்லிசெகண்ட் என்பதும் அப்படித்தான். 12-ஆம் பதிப்பு வரும் வரை 20 ஆக இருந்தது. குவெரியை ஓட்டும்போதே மெஷின் கோடாக மாற்றும் ஜிட், 11-இல் வந்தபோது ஆஃப் ஆக இருந்தது, 12-இல் தானாகவே ஆன் ஆனது. 12-க்கு மாறியதும் சின்னச் சின்ன குவெரிகள் மெதுவாகிவிட்டன என்று அதை அணைத்தவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு வரிக் காரணம் இருந்தால், அடுத்த பதிப்பில் திறந்து பார்க்கலாமா என்று யோசிக்கலாம். இல்லாவிட்டால் ‘ஜிட் ஆஃப்’ என்பது குலதெய்வ வழக்கம் மாதிரி சர்வருக்கு சர்வர் போய்க்கொண்டே இருக்கும்.

ஒர்க் மெம் கதை இன்னும் நல்லது. அது ஒரு கனெக்ஷனுக்கு உள்ள அளவு என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் ஒரு குவெரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சார்ட், ஒவ்வொரு ஹாஷ் வேலைக்கும் அது தனித்தனியாகப் பொருந்தும். 13-ஆம் பதிப்பு இருந்த சர்வரில் ஒருவர் கணக்குப் போடுகிறார்: 200 கனெக்ஷன், ஆளுக்கு ஒரு சார்ட் என்றாலும் 200 தடவை 64, சுமார் 12.8 ஜிபி, 64 ஜிபி மெஷினில் தாங்கும். சரியான கணக்கு. பிறகு 15-க்கு மாறுகிறார்கள். 15-இல் ஹாஷ் மெம் மல்டிப்ளையர் என்பதன் இயல்பு 1-இலிருந்து 2 ஆகிவிட்டது. ஹாஷ் வேலைகள் 128 எம்பி வரை எடுக்கலாம். கோப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் கணக்கு மாறிவிட்டது. ‘64 எம்பி, டியூனிங்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இது யாருக்கும் தெரியவராது. ‘200 கனெக்ஷன் தடவை 64, மல்டிப்ளையர் 1 என்ற கணக்கில்’ என்று எழுதியிருந்தால், அப்கிரேடு செய்கிறவர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார்.

சரி, இப்போது இடங்களுக்கு வருவோம்.

கான்ஃப் கோப்பிலேயே கமென்ட்

மிகப் பழைய வழி, இன்றும் நல்ல வழி. ஹாஷ் குறி போட்டு மதிப்புக்கு மேலே எழுதிவிடலாம். எந்தக் கருவியும் வேண்டாம். இதன் பெரிய பலம் பலருக்குத் தோன்றாது: சர்வர் எழுந்திருக்காமல் கிடக்கும்போதும் இதைப் படிக்கலாம். நள்ளிரவில், போஸ்ட்கிரெஸின் பொது மெமரியான ஷேர்டு பஃபர்ஸை ஏற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததில் மெமரி கிடைக்காமல் போஸ்ட்கிரெஸ் கிளம்ப மறுக்கிறது என்றால், டேட்டாபேஸுக்குள் இருக்கும் குறிப்பு உங்களுக்கு எட்டாது. விக்கிக்கு விபிஎன் போட வேண்டும். கான்ஃப் கோப்பு மட்டும் கண் முன்னால் திறந்திருக்கும்.

பலவீனம், கோப்பின் அளவு. போஸ்ட்கிரெஸ் தானாக உருவாக்கும் கோப்பு ஏறக்குறைய 800 வரி. அதில் பெரும்பகுதி கமென்ட் போட்டு அணைக்கப்பட்ட இயல்பு மதிப்புகளும் ‘ரீஸ்டார்ட் வேண்டும்’ போன்ற சிறு குறிப்புகளும். அதற்கு நடுவே நீங்கள் எழுதிய மூன்று வரிகள் இருக்கிற இடம் தெரியாமல் மூழ்கிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே பாராமீட்டர் இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும். அவசரத்தில் கோப்பின் அடியில் ஒரு வரியைச் சேர்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்புறம் நடுவில் இருக்கும் பழைய வரியும் அதன் மேலுள்ள அழகான விளக்கமும் பொய்யாகிவிடும். பார்க்கிறவருக்கு அது தெரியாது.

பதிப்பு மாறும்போது புதிய டேட்டா டைரக்டரிக்குப் புதிய கான்ஃப் கோப்பு வரும். பிஜி அப்கிரேடு பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு வராது. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். டெபியன், உபுன்டுவில் இருக்கும் கிளஸ்டர் அப்கிரேடு கருவி கொண்டுவந்து தரும். இடமும் வேறுபடுகிறது: டெபியன் குடும்பத்தில் கான்ஃப் கோப்பு ஈடிசி டைரக்டரிக்குக் கீழே, ரெட் ஹாட் குடும்பத்தில் டேட்டா டைரக்டரிக்கு உள்ளேயே. இதனால் பிஜி பேஸ்பேக்கப் வைத்து ஒரு ரெப்ளிகா (சர்வரின் நகல்) எடுத்தால், ரெட் ஹாட்டில் கமென்ட்டும் சேர்ந்து போகும், டெபியனில் போகாது.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றைத் தீர்ப்பது இன்க்ளூட் டிர் வசதி. டெபியன் பேக்கேஜில் கான்ஃப்-டி என்ற டைரக்டரியைப் படிக்கச் சொல்லும் வரி ஏற்கெனவே திறந்தே இருக்கும். மற்ற இடங்களில் அந்த வரியை நாம் திறக்க வேண்டும். பெரிய கோப்பைத் தொடவே வேண்டாம். நம்முடைய மாற்றங்களை மட்டும் கான்ஃப்-டிக்குள் சின்னக் கோப்புகளாக வைக்கலாம்: 10 என்று தொடங்கும் மெமரி கோப்பு, 20 என்று தொடங்கும் வால் (மாற்றங்களை முதலில் பதியும் லாக்) கோப்பு, 30 ஆட்டோவேக்யூமுக்கு. பெயர் கான்ஃப் என்று முடிய வேண்டும், புள்ளியில் தொடங்கக் கூடாது. பெயர் வரிசைப்படி படிக்கப்படும், எண்கள் எழுத்துகளுக்கு முன்னால். இப்படிச் செய்தால் மொத்தமே 30, 40 வரி. அதில் பாதிக்கு மேல் விளக்கம். புதிதாக வருகிறவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். 800 வரிக் கோப்பில் கமென்ட் எழுதுவதும் இதுவும் ஒரே வழி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

ஆல்டர் சிஸ்டம்: வசதிக்குக் கொடுக்கும் விலை

2014-இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து, கோப்பைத் திறக்காமலேயே பிசீக்வெலில் ஆல்டர் சிஸ்டம் போட்டு மதிப்பை மாற்றலாம். அது ஆட்டோ கான்ஃப் என்ற தனிக் கோப்பில் எழுதப்படும். அந்தக் கோப்பு நாம் எழுதும் கான்ஃப் கோப்பை மிஞ்சும். சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் அனுமதி இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆவணம் என்று பார்த்தால் இது மோசமான இடம். கட்டளையில் காரணம் எழுத வழியே இல்லை. கோப்பின் தலையிலேயே ‘கையால் திருத்தாதே’ என்று எழுதியிருக்கும். மீறிப் போய் அதில் கமென்ட் எழுதினால், அடுத்த ஆல்டர் சிஸ்டம் கோப்பை மொத்தமாகத் திரும்ப எழுதும்போது அது காணாமல் போகும். அதைவிட மோசம், கான்ஃப்-டியில் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய விளக்கத்தை இது சத்தமில்லாமல் செல்லாக்காசு ஆக்கிவிடும். அங்கே 64 என்று காரணத்தோடு இருக்கும், ஆட்டோ கான்ஃபில் 16 என்று காரணமில்லாமல் இருக்கும், செல்வது 16.

இந்த விஷயத்தில் ஆரக்கிள்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படலாம். அங்கே ஆல்டர் சிஸ்டம் செட் கட்டளையிலேயே கமென்ட் என்று ஒரு பகுதி உண்டு. எழுதியதை வி டாலர் பாராமீட்டர் வியூவில் அப்டேட் கமென்ட் என்ற பத்தியில் பார்க்கலாம். மதிப்பும் காரணமும் ஒரே வரியில். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் செட் பெர்சிஸ்ட் போட்டால், மதிப்போடு யார், எந்த மெஷினிலிருந்து, எப்போது மாற்றினார் என்பதும் பதிவாகும். காரணம் இல்லை, ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்றாவது தெரியும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் தருவதில்லை. ரீலோடு நடக்கும்போது எந்த பாராமீட்டர் என்ன மதிப்புக்கு மாறியது என்று சர்வர் லாகில் ஒரு வரி விழும். யார் மாற்றினார் என்பது அதில் இருக்காது, லாகும் சில வாரங்களில் சுழற்சியில் போய்விடும்.

17-ஆம் பதிப்பில் அலவ் ஆல்டர் சிஸ்டம் என்று ஒரு செட்டிங் வந்திருக்கிறது. அதை ஆஃப் செய்தால் இந்தக் கட்டளை வேலை செய்யாது. பாதுகாப்புக்கான பூட்டு என்று அதை நம்பக் கூடாது, சூப்பர்யூசருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. செட்டிங்குகளை வெளியிலிருந்து நிர்வகிக்கும் இடங்களில் தவறி யாரும் இந்த வழியில் போகாமல் இருக்கத்தான் அது. கான்ஃப்-டி வழியைத் தேர்ந்தெடுத்த டீம் இதை ஆஃப் செய்துவிடலாம் என்பேன். அதற்கும் மேலே ஒரு வரி காரணம் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் அதைத்தான் முதலில் ஆன் செய்வார்.

டேட்டாபேஸுக்கு உள்ளே

சர்வர் முழுமைக்குமான செட்டிங்குகள் ஒரு வகை. ஒரு ரோலுக்கு (டேட்டாபேஸ் யூசருக்கு) மட்டும், ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும், ஒரு டேபிளுக்கு மட்டும் என்று வைப்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் அதிகம் தொலைந்து போகிறது. ரிப்போர்ட் எடுக்கும் ரோலுக்கு ஒர்க் மெம் 256 எம்பி, வெப் ஆப் ரோலுக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 30 செகண்ட் என்று ஆல்டர் ரோல் வைத்துப் போட்டிருப்பார்கள். இவை எந்தக் கோப்பிலும் இருக்காது. உங்கள் லாகினில் நுழைந்து பிஜி செட்டிங்ஸைப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் அந்த வியூ உங்கள் செஷனின் மதிப்புகளைத்தான் காட்டும். பின்சாய்கோடு போட்டு டிஆர்டிஎஸ் என்று அடித்தால்தான் பட்டியல் வரும். இந்தக் கட்டளை பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே கமென்ட் ஆன் கட்டளை கைகொடுக்கும். ரோல், டேட்டாபேஸ், டேபிள் மூன்றுக்கும் அது உண்டு. ஐந்து கோடி வரி உள்ள ஆர்டர் டேபிளுக்கு ஆட்டோவேக்யூம் ஸ்கேல் ஃபேக்டரை இயல்பான 0.2-இலிருந்து 0.01-க்குக் குறைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 0.2 என்றால் ஒரு கோடி செத்த வரிகள் சேர்ந்த பிறகுதான் வேக்யூம் தொடங்கும், 0.01 என்றால் ஐந்து லட்சத்தில் தொடங்கும். இந்தக் கணக்கு அந்த டேபிளின் கமென்ட்டிலேயே இருப்பதுதான் முறை. டேபிளைப் பார்க்கிறவர் அதைப் பார்ப்பார். பிஜி டம்ப் எடுத்து வேறிடத்தில் ஏற்றினாலும் செட்டிங்கும் கமென்ட்டும் சேர்ந்தே போகும்.

எச்சரிக்கைகள் இரண்டு. ஒரு பொருளுக்கு ஒரு கமென்ட்தான்; புதிதாக எழுதினால் பழையது அழிந்துவிடும். டெவலப்பர்கள் ஏற்கெனவே அதில் ஏதாவது எழுதியிருந்தால் படித்துவிட்டுச் சேர்த்து எழுத வேண்டும். இரண்டாவது, கமென்ட்டுக்கு மறைப்பு கிடையாது. அந்த டேட்டாபேஸில் இணைந்த யாரும் அதைப் படிக்கலாம். ரோல், டேட்டாபேஸ் கமென்ட் என்றால் கிளஸ்டரில் எந்த டேட்டாபேஸில் இணைந்தவரும் படிக்கலாம். ‘இந்த ரோலின் பாஸ்வேர்டு பழைய ஆப்பில் அப்படியே இருக்கிறது’ என்ற ரகக் குறிப்புகளை அங்கே எழுதிவிடாதீர்கள்.

சர்வர் அளவு பாராமீட்டர்களுக்கு கமென்ட் ஆன் இல்லை. அதற்காகச் சிலர் ஒரு டேபிள் உருவாக்கி, பாராமீட்டர் பெயர், காரணம், தேதி என்று எழுதி, பிஜி செட்டிங்ஸோடு ஜாயின் செய்து, காரணம் எழுதப்படாதவற்றைப் பட்டியல் எடுக்கிறார்கள். யோசனை கெட்டிக்காரத்தனமானது, அந்தப் பட்டியலும் உபயோகமானது. ஆனால் சர்வர் கிளம்பாதபோது அந்த டேபிளைப் படிக்க முடியாது. ரெப்ளிகா இருக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல்: ரெப்ளிகாவில் டேபிள் அப்படியே பிரதியாகும், செட்டிங்கோ வேறாக இருக்கும். ரிப்போர்ட்டுக்கென்று வைத்த ரெப்ளிகாவில், ஓடும் குவெரிக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் மேக்ஸ் ஸ்டேன்ட்பை ஸ்ட்ரீமிங் டிலேயை இயல்பான 30 செகண்டிலிருந்து ஏற்றி வைப்பார்கள். மூல சர்வரான பிரைமரியில் அதற்கு வேலையே இல்லை. எந்தக் குறிப்பு எந்த சர்வருக்கு என்று இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும், பிறகு அதைப் பராமரிக்க வேண்டும். இவ்வளவுக்குப் போக வேண்டாம்.

கிட், ஆன்சிபிள், டெராஃபார்ம்

நான்கைந்து சர்வருக்கு மேல் போனால் கையால் கோப்பு எழுதுவது நடக்காது. ஆன்சிபிள் டெம்ப்ளேட்டிலிருந்து கான்ஃப்-டி கோப்பு உருவாகும். அப்போது கமென்ட் டெம்ப்ளேட்டிலேயே இருக்கட்டும், அது சர்வரில் போய் இறங்கும் கோப்பிலும் அப்படியே தெரியட்டும். டெம்ப்ளேட் மொழியான ஜின்ஜாவின் கமென்ட்டாக எழுதினால் அது டெம்ப்ளேட்டோடு நின்றுவிடும், சர்வரில் வராது. சாதாரண ஹாஷ் கமென்ட்டாகவே எழுதுங்கள். சர்வர் ஒன்றிரண்டுதான், ஆன்சிபிள் இல்லை என்றால், டெபியனில் ஈடிசிகீப்பர் போட்டால் ஈடிசி முழுவதும் கிட்டுக்குள் வந்துவிடும். அதுவே போதும்.

கிட் இருக்கும்போது கமென்ட் எதற்கு, கமிட் மெசேஜில் எழுதினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கமிட் மெசேஜைத் தேடிப் போக வேண்டும், கமென்ட் தானாகக் கண்ணில் படும். யாராவது கோப்பை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இடைவெளிகளை மாற்றினால், கிட் பிளேமில் எல்லா வரிக்கும் அவர் பெயர்தான் வரும். ரெப்போவை வேறிடத்துக்கு மாற்றும்போது வரலாறு இல்லாமல் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். சுருக்கமான காரணம் கமென்ட்டில், அளவெடுத்த விவரம், விவாதம், படங்கள் கமிட்டிலோ டிக்கெட்டிலோ. டிக்கெட் எண்ணை மட்டும் கமென்ட்டில் எழுதிவிட்டு நகர்வதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். டிக்கெட் மென்பொருளை நிறுவனங்கள் மாற்றிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இருக்காது.

கிளவுடில் கோப்பே கிடையாது என்பதால் தேர்வு சுலபம். அமேசான் ஆர்டிஎஸ்ஸில் ஆல்டர் சிஸ்டம் அனுமதி இல்லை. பாராமீட்டர் குரூப் வழியாகத்தான் மாற்ற வேண்டும். குரூப்புக்கு ஒரு விளக்கம் எழுதலாம், ஒவ்வொரு பாராமீட்டருக்கும் எழுத முடியாது. ஆகவே டெராஃபார்ம் கோப்பில் அந்த பாராமீட்டர் பிளாக்குக்கு மேலே எழுதும் கமென்ட்தான் மதிப்புக்கு மிக அருகில் உள்ள இடம். கன்சோலில் போய் மவுஸால் மாற்றுகிற டீமுக்குக் காரணம் எழுத இடமே இல்லை. அவர்களுக்கு டெராஃபார்மை நான் பரிந்துரைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பட்ரோனி (பிரைமரி, ரெப்ளிகா கிளஸ்டரை நிர்வகிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கிளஸ்டர் முழுவதற்குமான செட்டிங்குகள் ஈடிசிடி, கான்சல் போன்ற பொதுச் சேமிப்பிடத்தில் ஜேசனாக இருக்கின்றன. எடிட் கான்ஃபிக் கட்டளை போட்டால் யாமல் வடிவில் திறக்கும், நீங்களும் ஆசையாக ஹாஷ் போட்டு விளக்கம் எழுதுவீர்கள், சேமித்ததும் அது போய்விடும். ஜேசனில் கமென்ட்டுக்கு இடமில்லை. சர்வரில் உள்ள கான்ஃப் கோப்பில் எழுதலாம் என்றால், மேக்ஸ் கனெக்ஷன்ஸ், வால் லெவல் போன்ற சிலவற்றை பட்ரோனி கட்டளை வரியிலேயே கொடுத்து போஸ்ட்கிரெஸைக் கிளப்புகிறது. கட்டளை வரி எல்லாக் கோப்பையும் மிஞ்சும். இங்கே ஒரே வழி, யாமல் கோப்பைக் கமென்ட்டோடு கிட்டில் வைத்துக்கொண்டு, மாற்றும்போதெல்லாம் அந்தக் கோப்பிலிருந்தே ஏற்றுவது. எடிட் கான்ஃபிக்கிலேயே கோப்பைக் கொடுத்து ஏற்றும் வசதி இருக்கிறது. நேராக எடிட்டரில் திறந்து மாற்றுவதில்லை என்று டீமுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கூபர்னெட்டிஸ் ஆபரேட்டர்களுக்கும் இதே கதைதான்.

விக்கி எதற்கு?

விக்கியை மொத்தமாக ஒதுக்கச் சொல்லவில்லை. எந்த ஒரு பாராமீட்டருக்கும் பக்கத்தில் வைக்க முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. ஸ்டேன்ட்பையில் (ரெப்ளிகா சர்வரில்) மேக்ஸ் கனெக்ஷன்ஸ் பிரைமரியைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஏற்றுவதென்றால் முதலில் ஸ்டேன்ட்பை, குறைப்பதென்றால் முதலில் பிரைமரி. இது இரண்டு சர்வருக்கு இடையே உள்ள செயல்முறை. ஹியூஜ் பேஜஸ் (பெரிய மெமரிப் பக்கங்கள்) எண்ணிக்கை கர்னல் செட்டிங்கில் இருக்கிறது, ஷேர்டு பஃபர்ஸ் போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. ஒன்றை ஏற்றினால் மற்றதையும் ஏற்ற வேண்டும். பணப் பரிவர்த்தனை நடக்கும் டேட்டாபேஸில், டிஸ்க்கில் பதிந்த பிறகே பதில் தரும் சிங்க்ரனஸ் கமிட்டை ஆஃப் செய்வதில்லை என்று பேசி முடிவெடுத்திருப்பீர்கள். செய்யாமல் விட்டதற்குக் கோப்பில் வரி இருக்காது. இவையெல்லாம் விக்கிக்கு. கூடவே கான்ஃப்-டி கோப்பின் தலையில் அந்தப் பக்கத்தின் முகவரியை எழுதி வையுங்கள். விக்கிப் பக்கத்தில் மட்டும் மதிப்புகளை எழுத வேண்டாம். ‘தற்போதைய மதிப்புக்கு சர்வரைப் பார்க்கவும்’ என்றால் போதும்.

எழுதும் விதம்

நான் எதிர்பார்க்கும் குறிப்பு மூன்று நான்கு வரிதான். கோப்பில் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். இங்கே தமிழில் தருகிறேன்:

‘மார்ச் 2024. மாதக்கடைசி ரிப்போர்ட்டில் சார்ட்டுகள் டிஸ்க்குக்குப் போயின, டெம்ப் கோப்புகள் 40 முதல் 55 எம்பி. 64 வைத்ததும் நின்றன. 200 கனெக்ஷன், 64 ஜிபி ரேம், ஹாஷ் மல்டிப்ளையர் 1 என்ற கணக்கு. கனெக்ஷன் கூடினாலோ பதிப்பு மாறினாலோ திரும்பப் பார்க்கவும்.’

என்ன பிரச்சினை, எதை வைத்து அளந்தோம், எந்த நிபந்தனையில் இது சரி, எப்போது திரும்பப் பார்ப்பது. டெம்ப் கோப்பு அளவு எங்கிருந்து கிடைக்கும் என்றால் லாக் டெம்ப் ஃபைல்ஸை இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். அளக்காமல் ஏதோ கால்குலேட்டர் சொன்ன எண்ணை வைத்திருந்தால் அதையும் அப்படியே எழுதுவதில் வெட்கம் வேண்டாம். ‘கால்குலேட்டர் மதிப்பு, அளக்கவில்லை’ என்ற குறிப்பு மிகவும் பயனுள்ளது. அடுத்தவர் பயமில்லாமல் மாற்றலாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைத் தொடங்குவதென்றால் ஆட்டோ கான்ஃபில் தொடங்குங்கள். பிஜி ஃபைல் செட்டிங்ஸ் என்ற வியூ எல்லாக் கோப்புகளிலும் உள்ள வரிகளைக் காட்டும், எது செல்கிறது, எது மிஞ்சப்பட்டது என்பதோடு. ஆட்டோ கான்ஃபில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக கான்ஃப்-டிக்கு எடுத்துவந்து, தெரிந்த காரணத்தை மேலே எழுதி, தெரியாததற்கு ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதி, அதன் பிறகு அந்த ஒரு பாராமீட்டரை மட்டும் ஆல்டர் சிஸ்டம் ரீசெட் செய்து ரீலோடு செய்யுங்கள். ரீசெட் ஆல் என்று மொத்தமாகத் துடைக்க வேண்டாம். 12-ஆம் பதிப்பிலிருந்து, பேஸ்பேக்கப்பில் ஆர் ஆப்ஷன் கொடுத்து உருவாக்கிய ஸ்டேன்ட்பைகளில் பிரைமரியோடு இணைவதற்கான விவரம் அந்த ஆட்டோ கான்ஃபில்தான் எழுதப்படுகிறது. அதைத் துடைத்தால் ரெப்ளிகேஷன் அறுந்துவிடும். பாஸ்வேர்டும் அதில் இருக்கலாம் என்பதால், அந்த வரியை மட்டும் கிட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள்.